கொள்ளிடத்து மணலில் ஃபேட் பைக்: ஊர் கூடி ஒரு தடம் போடலாமா?

கரைவழி (விளாங்குடி):

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் இருப்பது கொள்ளிடத்துத் தென்கரை. போன வருஷம் திருச்சியில் ஒருவர் விற்கிறார் என்று கேள்விப்பட்டுப் பழைய ஃபேட் பைக் ஒன்று வாங்கினேன், அதாவது தடி டயர் போட்ட சைக்கிள். 26 அங்குலச் சக்கரம், 4 அங்குல அகல டயர், இரும்பு பிரேம், கியர் கிடையாது. தார் ரோட்டில் ஓட்டினால் பத்து நிமிஷத்தில் தொடை கடுக்கும். வாங்கியது வீண் என்று வீட்டில் சொன்னார்கள்.

மார்கழி பிறந்து நாலாம் நாள் விடியற்காலை ஆற்றுக்குப் போனேன். தண்ணீர் வடகரை ஓரமாக ஒதுங்கியிருந்தது, இந்தப் பக்கம் முழுக்க மணல். வண்டியைக் கரையிலிருந்து உருட்டி இறக்கி ஏறி மிதித்தேன். நாலே மிதி, முன்சக்கரம் புதைந்து நின்றுவிட்டது. மறுபடி ஏறினேன், மறுபடி புதைந்தது. கடையில் அடித்துவிட்ட காற்று ரோட்டுக்கு அடித்த காற்று என்பது அப்புறம்தான் உறைத்தது. வால்வை அழுத்தி, கட்டைவிரலால் அமுக்கினால் டயர் நன்றாகக் குழிகிற வரைக்கும் காற்றை இறக்கினேன். ஏறினேன். அதே மணல், அதே வண்டி, போய்க்கொண்டே இருந்தது. ஈர அரிசி மாவை விரலால் அமுக்கினால் ஒரு சத்தம் வருமே, சக்கரத்துக்கு அடியில் அந்தச் சத்தம் மட்டும்தான். மேற்கே திருமழபாடிப் பக்கம் பனிமூட்டத்தில் ஒன்றும் தெரியவில்லை. திரும்பிப் பார்த்தால் என் டயர்த் தடம் மட்டும் பட்டையாக நீண்டு கிடந்தது.

அன்றிலிருந்து ஒரே எண்ணம். தை மாதம், பொங்கல் கழிந்த ஞாயிறு, ஊர் கூடி ஒரு சவாரி வைத்தால் என்ன? கரைப்பாட்டையில் கொஞ்ச தூரம், மணலில் கொஞ்ச தூரம், முடிந்ததும் கரையிலேயே எல்லோருக்கும் வெண்பொங்கல். பனி கொட்டும் ஊர்களில் குளிர்காலத்தில் இதைத் திருவிழா மாதிரி நடத்துகிறார்களாம். குடந்தைவாசி அண்ணன் அங்கேதான் இருக்கிறார். அண்ணா, எப்படிச் செய்கிறார்கள் என்று சொன்னால் நாம் தொடங்க உதவியாக இருக்கும்.


குடந்தைவாசி (மினியாபோலிஸ்):

தம்பி, உன் பதிவை இரண்டு முறை படித்தேன். நான் பிறந்தது கும்பகோணம், பத்து வருஷமாகக் குளிர்காலம் கழிப்பது அமெரிக்காவின் மினசோட்டாவில். இங்கே இப்போது மைனஸ் 18.

ஃபேட் பைக் பனிக்கென்றே பிறந்தது என்று பலர் நினைக்கிறார்கள். பாதிதான் சரி. 1987ல் அலாஸ்காவில் இடிடாபைக் என்ற பந்தயம் தொடங்கியது, நாய்கள் சறுக்குவண்டி இழுக்கும் பனித்தடத்தில் சைக்கிள் ஓட்டுவது. சாதாரண டயர் புதைந்ததால் இரண்டு ரிம்மைப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டியெல்லாம் பார்த்தார்கள். பிறகு ஃபேர்பேங்க்ஸ் ஊரில் சைமன் ராக்கோவர் என்பவர் 44 மி.மீ. அகல ரிம் செய்தார். அதே காலத்தில் தெற்கே நியூ மெக்சிகோவில் ரே மொலினா 82 மி.மீ. ரிம்மும் 3.5 அங்குல டயரும் செய்தார். அவர் செய்தது மணல்மேட்டுக்கும் வறண்ட ஆற்றுப் படுகைக்கும். இரண்டு பேர் வேலையும் சேர்ந்து வளர்ந்துதான் 2005ல் சர்லி நிறுவனத்தின் பக்ஸ்லி வண்டி கடைக்கு வந்தது, அதற்குப் பிறகு ஊரெல்லாம் பரவியது. ஆகவே கொள்ளிடத்து மணலில் நீ ஓட்டுவதில் ஒரு ஒட்டும் உறவும் இருக்கிறது. இந்த வண்டிக்கு ஒரு தாய்வீடு வறண்ட ஆறு.

அடுத்தது தடம். இங்கே வந்த முதல் குளிர்காலத்தில் எனக்குப் புரியாமல் இருந்தது இதுதான். புதிதாகக் கொட்டிய பனியில் எவ்வளவு அகல டயரும் புதையும். வழி தானாக அமையாது, யாராவது போட வேண்டும். அகலமான பனிச் செருப்பைக் கட்டிக்கொண்டு வரிசையாக நடந்து மிதிப்பார்கள். இல்லையென்றால் ஸ்னோமொபைல் என்ற பனி மோட்டார் வண்டிக்குப் பின்னால் குறுகலான இழுவைச் சட்டம் ஒன்றைக் கட்டி இழுப்பார்கள். அது மேட்டைச் சீவிப் பள்ளத்தில் தள்ளி அமுக்கிவிடும். உடனே ஓட்டக் கூடாது. இரவு முழுக்கக் குளிரில் கிடந்து இறுக வேண்டும், காலையில் பார்த்தால் சிமெண்டுத் தரை மாதிரி இருக்கும். இதைச் செய்கிறவர்கள் பெரும்பாலும் சம்பளமில்லாமல் செய்கிறவர்கள். பகலெல்லாம் வேலை பார்த்துவிட்டு ராத்திரி பத்து மணிக்கு விளக்கைப் போட்டுக்கொண்டு காட்டுக்குள் போவார்கள். மறுநாள் நாம் மிதிக்கிற ஒவ்வொரு அடியும் அவர்கள் போட்டது.

அதனால் ஓட்டுகிறவர்களுக்கும் கட்டுப்பாடு உண்டு. பல தடங்களில் 3.8 அங்குலத்துக்குக் குறைந்த டயர் கூடாது. உன் சக்கரம் ஓர் அங்குலத்துக்கு மேல் பள்ளம் போட்டால் இன்னும் காற்றை இறக்கு, அதற்கும் அடங்கவில்லையா, திரும்பிப் போய்விடு. வெப்பம் பூஜ்யத்தைத் தாண்டிப் பனி இளகினால் தடத்தையே மூடிவிடுவார்கள். டயரில் காற்றழுத்தம் 5லிருந்து 8 பி.எஸ்.ஐ., பனி ரொம்ப இளக்கம் என்றால் 3 வரைக்கும்கூட இறக்குவார்கள்.

விழா என்று கேட்டாய். டிசம்பர் முதல் சனிக்கிழமையை உலக ஃபேட் பைக் நாள் என்று வைத்திருக்கிறார்கள். அன்றைக்குப் பந்தயமெல்லாம் இல்லை, சேர்ந்து ஓட்டுவது, காட்டுக்குள் தீ மூட்டிச் சுற்றி நிற்பது, சூடாகக் குடிப்பது, அவ்வளவுதான். இன்னொரு பக்கம் ஏரோஹெட் 135 என்ற பந்தயம் இருக்கிறது. ஜனவரிக் கடைசியில், கனடா எல்லையில் இருக்கும் இன்டர்நேஷனல் ஃபால்ஸ் ஊரில் தொடங்கி 135 மைல், 60 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். மைனஸ் 29 தாங்கும் தூக்கப்பை, அடுப்பு, எரிபொருள் எல்லாம் வண்டியிலேயே கட்டிக்கொண்டு போக வேண்டும், இல்லாவிட்டால் சேர்க்கமாட்டார்கள். உனக்கு வேண்டியது முதலாவது வகை.


சம்பாப்பட்டம் (திருக்காட்டுப்பள்ளி):

எனக்கும் சைக்கிள் சவாரிக்கும் சம்பந்தம் இல்லை. கொள்ளிடம்னு தலைப்புல பார்த்ததால உள்ள வந்தேன். மனசுல பட்டதைச் சொல்றேன், தம்பி தப்பா எடுத்துக்கக் கூடாது.

தை மாசம் என்ன நடக்கும்னு தெரியும்ல? சம்பா அறுப்பு. அறுவடை மிஷின் போறது, டிராக்டர் போறது எல்லாம் அந்தக் கரைப்பாட்டையிலதான். ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல இருந்தா கொள்முதல் நிலையத்துல நெல்லை எடுக்கமாட்டாங்க. பனி வேற விழுகுது. எங்க கொண்டுபோய் காய வைக்கிறது? ரோட்டுலயும் கரையிலயும்தான் கொட்டிக் கிண்டிக்கிட்டு இருப்போம். அந்த நேரத்துல நூறு பேர் சைக்கிள்ல வந்தா எங்க போவீங்க? வயல்ல இறங்குவீங்க. அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னாடியே தாள்ல உளுந்து தெளிச்சிருப்போம். உங்க கண்ணுக்கு அது சும்மா கிடக்குற வயல். ஒரு சக்கரம் ஏறினாலும் முளை போச்சு.

இன்னொண்ணு. மழை ஈரத்துல கரைமேல வண்டி போனா தடம் விழுந்துரும். களிமண்ணு, காஞ்சா கல்லாயிடும். அப்புறம் ஒரு வருஷத்துக்கு அந்தப் பள்ளத்துலதான் எங்க வண்டி ஆடிக்கிட்டுப் போகும். வேண்டாம்னு சொல்லல. எங்களைக் கேட்டுட்டு வைங்க.


கரைவழி:

ஐயா, நல்லவேளை சொன்னீர்கள். உளுந்து தெளித்திருப்பது எனக்குத் தெரியும், ஆனால் வெளியூரிலிருந்து வருகிறவருக்குத் தெரியாது என்பதை நான் யோசிக்கவே இல்லை. தை வேண்டாம். மாசி நடுவில் வைத்தால் அறுப்பு ஓய்ந்திருக்குமா? ஜனவரி 28ல் மேட்டூரையும் மூடிவிடுவார்கள், ஆற்றில் தண்ணீர் இன்னும் வடிந்திருக்கும்.


சம்பாப்பட்டம்:

மாசி பத்து தேதிக்கு மேல எங்க பக்கம் அறுப்பு இருக்காது. பனியும் இருக்கும். தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும்னு சும்மா சொல்லல. காலையில ஏழரைக்குள்ள மணல்ல மேலாக ஈரம் இருக்கும், உங்களுக்கு அதுதான் வேணும். ஒன்பது மணிக்கு மேல காஞ்சு உதிர ஆரம்பிச்சிரும்.


அணைக்கரை:

எந்த இடத்தில் இறங்குகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். எங்கள் அணைக்கரைப் பக்கம் ஆற்றுக்குள் முதலை இருக்கிறது. எச்சரிக்கைப் பலகையே வைத்திருக்கிறார்கள். வெயில் ஏற ஏறத் திட்டில் வந்து படுக்கும். அதைவிட எனக்குப் பயம் பழைய மணல் குவாரிக் குழிகள். மேலே பார்த்தால் முழங்கால் தண்ணீர் போலத் தெரியும், உள்ளே இரண்டு ஆள் ஆழம். ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் இந்த ஆற்றில் பிள்ளைகள் போகிறார்கள். தண்ணீர் தேங்கிய எந்தக் குழிக்கும் ஐம்பது அடி தள்ளித்தான் வழி இருக்க வேண்டும், அதைக் குச்சி நட்டுத் துணி கட்டிக் காட்ட வேண்டும். முதல் நாள் மாலை யாராவது முழு வழியையும் நடந்து பாருங்கள். நீர்வளத்துறைக்கும் ஊராட்சிக்கும் எழுத்தில் கொடுத்துவிட்டு இறங்குங்கள்.


தரங்கை அலை:

ஆற்றுக்கு இத்தனை கஷ்டம் என்றால் கடலுக்கு வந்துவிடுங்களேன். தரங்கம்பாடியிலிருந்து தெற்கே ஈர மணல் கெட்டியாக இருக்கும், குழி கிடையாது, முதலை கிடையாது.


டீச்சர் (ஐயம்பேட்டை):

தரங்கை தம்பி, அந்த மாதங்களில் கடற்கரை வேண்டாம். ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமை நம் கரையில் ஏறி முட்டையிடும் காலம். அது முட்டையைப் புதைப்பது அலை தொடாத காய்ந்த மணலில், ஒன்றரை அடி ஆழத்தில். மேலே பார்த்தால் எந்த அடையாளமும் நிலைத்திருக்காது. பகலில் அலை நனைத்த பட்டையில் மட்டும் இரண்டு பேர் ஓட்டினால் பரவாயில்லை. கூட்டமாக வந்தால் யாராவது மேலே ஏறத்தான் செய்வார்கள். இரவில் டார்ச் அடித்துக்கொண்டு போவது அறவே கூடாது, ஆமை ஏறாமல் திரும்பிவிடும். கோடியக்கரை சரணாலயம் பற்றி யாராவது சொல்வதற்குள் சொல்லிவிடுகிறேன்: அங்கே நினைக்கவே வேண்டாம்.

கரைவழி தம்பிக்கு ஒரு கேள்வி. இந்த வண்டி எத்தனை பேரிடம் இருக்கிறது? என் பள்ளியில் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லோரிடமும் அரசு கொடுத்த சைக்கிள் இருக்கிறது. அதில்தான் தினமும் ஐந்து, ஆறு கிலோமீட்டர் வருகிறார்கள். ஊர் கூடி என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பெண் பிள்ளைகள் வந்தால் எதை ஓட்டுவார்கள்? இல்லை, கரையில் நின்று வேடிக்கை பார்க்க வேண்டுமா? எனக்கு இதுதான் முக்கியம்.


வல்லம் பஞ்சர் கடை:

டீச்சர் கேட்டது சரியான கேள்வி. கரைப்பாட்டையில எந்த சைக்கிளும் போகும். மணல்ல மட்டும்தான் தடி டயர் வேணும். எனக்குத் தெரிஞ்சு தஞ்சாவூர், வல்லம் பக்கம் ஆறு வண்டி இருக்கு, ஆளுக்குப் பத்து நிமிஷம்னு மாத்தி மாத்தி ஓட்டட்டும். வண்டிக்காரங்ககிட்ட நான் பேசுறேன்.

இப்ப என் தொழில் சங்கதி. குடந்தைவாசி அண்ணன் 5, 8னு சொல்றது நல்ல ரிம்முக்கு. இங்க வர்ற விலை குறைஞ்ச வண்டியில டியூப்தான். காத்தை ரொம்ப இறக்கிட்டு அழுத்தி மிதிச்சா ரிம்முல டயர் வழுக்கும், டியூபும் கூடவே நகரும், வால்வு மட்டும் ஓட்டைக்குள்ள நிக்கும். வால்வு சாய ஆரம்பிச்சு அடியோட பிஞ்சுரும். அதுக்கு ஒட்டு போட முடியாது, டியூப் போச்சு. என் கடையிலயே மூணு பார்த்துட்டேன். அதனால டயர்லயும் ரிம்முலயும் சேர்த்து சாக்பீஸ்ல ஒரு கோடு போடுங்க. ஓட்டிட்டு வந்து பாருங்க. கோடு விலகியிருந்தா காத்து பத்தல, ரெண்டு அடி கூட அடிங்க. வால்வு நட்டை இறுக்கி வைக்காதீங்க.

கம்ப்ரஸர் மீட்டர் பத்துக்குக் கீழ சொல்றதை நம்பாதீங்க, கட்டைவிரல்தான் சரி. செயினுக்கு எண்ணெய் கொழகொழன்னு விட்டா மணல் அப்பி அரைச்சுத் தின்னுரும். சீலையால துடைச்சுட்டு லேசா விடுங்க. ஆத்துல ஓட்டின அன்னைக்கே நல்ல தண்ணி ஊத்திக் கழுவணும். கடல் மணல்ல போனா ஒரு வாரத்துல பால்ரஸ் துரு பிடிச்சு கரகரக்கும்.


சம்பாப்பட்டம்:

ராத்திரி பத்து மணிக்குப் போய் வழி போடுறாங்கன்னு குடந்தைவாசி எழுதினதை வீட்டுல வாசிச்சுக் காட்டினேன். எங்க அப்பாவுக்கு எண்பது ஆகுது. கேட்டுட்டு, அது குடிமராமத்துதானேன்னாரு. அவர் காலத்துல வாய்க்கால் தூர் எடுக்க வீட்டுக்கு ஒரு ஆள் மண்வெட்டியோட வரணும். வராத வீட்டுக்குத் தண்ணி முறையில பேச்சு வரும். இப்ப மிஷின் வந்து வெட்டிட்டுப் போகுது, யார் வெட்டினாங்கன்னு தெரியறதில்ல.

அந்த இழுவைச் சட்டம்னு சொன்னீங்களே, அது நம்ம பரம்புக் கட்டை. நடவுக்கு முன்னாடி சேத்துல மட்டம் அடிக்க இழுக்குறது. எங்க வீட்டுல பழசு ஒண்ணு கிடக்கு, ஆறடி, பூவரசு. காஞ்ச மணல்ல இழுத்தா பிரயோஜனம் இல்ல, இழுக்க இழுக்கப் பின்னாலேயே சரியும். தண்ணி வடிஞ்ச ஓரம், வண்டல் படிஞ்சு கோரை முளைச்சிருக்குற பட்டை, அங்க சாயங்காலம் ஒரு தரம் இழுத்து விட்டா ராத்திரிப் பனியில மேல் பொருக்கு இறுகும்.

டிராக்டரை ஆத்துக்குள்ள இறக்காதீங்க. மணல் அள்ள வந்ததா நினைச்சுப் பிடிச்சு வெச்சிருவாங்க, உங்களால விளக்கம் சொல்லி மாளாது. நாலு ஆள் கயிறு கட்டி இழுத்தா போதும்.


குடந்தைவாசி:

ஐயா, பரம்புக் கட்டை என்று படித்ததும் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். இங்கே பத்து வருஷமாக அந்தச் சட்டத்தைப் பார்க்கிறேன். சின்ன வயதில் தாத்தா வயலில் பரம்பின் மேல் ஏறி நின்றுகொண்டு போயிருக்கிறேன். இரண்டையும் சேர்த்து நினைத்ததே இல்லை. உங்கள் அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

தம்பி, ஒன்று மட்டும். முதல் தடவை சின்னதாக வை. இருபது பேருக்கு மேல் வேண்டாம். வருகிறவர்கள் முதல் நாள் மாலையே வந்து தடம் போடுவதில் கை கொடுக்க வேண்டும் என்று சொல்லிவிடு. தடம் போட்டவன் அதைக் கெடுக்கமாட்டான்.


கரைவழி:

நடந்ததைப் பதிகிறேன்.

மாசி மூன்றாவது சனிக்கிழமை மாலை பதினான்கு பேர் வந்தோம். ஊராட்சிக்கும் நீர்வளத்துறை அலுவலகத்துக்கும் முன்பே எழுதிக் கொடுத்திருந்தேன். அணைக்கரை அண்ணன் சொன்னபடி வழி முழுக்க நடந்து பார்த்தோம். குழி இரண்டு இருந்தன. இரண்டையும் விட்டு நன்றாகத் தள்ளி மூங்கில் நட்டுச் சிவப்புத் துணி கட்டினோம். ஐயா வீட்டுப் பரம்பு திருக்காட்டுப்பள்ளியிலிருந்து மினி லாரியில் வந்தது. நாலு பேர் இழுக்க, ஒருவர் மேலே ஏறி நின்று கனம் கொடுத்தோம். வண்டல் ஓரத்தில் வழுவழுவென்று போனது. நடுவில் ஒரு நாற்பது அடி வெறும் மணல், அங்கே என்ன செய்தும் நிற்கவில்லை. அந்த இடத்தில் இறங்கித் தள்ளுவது என்று முடிவு செய்தோம். மொத்தம் ஒன்றரை கிலோமீட்டர் தடம் போட இரண்டு மணி நேரம் ஆயிற்று. கயிறு ஒரு முறை அறுந்தது.

ஞாயிறு காலை ஆறரைக்குத் தொடங்கினோம். டீச்சர் ஒன்பது பிள்ளைகளை அழைத்து வந்திருந்தார். கரைப்பாட்டையில் நாலு கிலோமீட்டர் அவரவர் சைக்கிளில், பிறகு ஆற்றில் ஆறு வண்டியை மாற்றி மாற்றி. ஒரு பெண் முதல் வளைவிலேயே விழுந்தாள். மணல்தானே, எழுந்து சுடிதாரைத் தட்டிக்கொண்டு, காற்று கூட இருக்கிறது அண்ணா என்று அவளே வால்வை அழுத்தினாள். அப்புறம் அந்த நாற்பது அடி மணலை இறங்காமல் கடந்தவள் அவள் ஒருத்திதான். நான் மூன்று முறை முயன்று மூன்று முறையும் நின்றேன். கனம் குறைந்தவருக்கு மணல் இடம் கொடுக்கிறது.

படுகையில் கிடை போட்டிருந்த பெரியவர் ஒருவர் ஆடுகளை விட்டுவிட்டு வந்து டயரை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தார். இவ்வளவு இளக்கமாகவா என்று கேட்டார். ஓட்டச் சொன்னோம், மாட்டேன் என்றார். பிறகு நாங்கள் வெண்பொங்கல் சாப்பிட உட்கார்ந்தபோது பார்த்தால் தடத்தில் தூரத்தில் அவர் போய்க்கொண்டிருக்கிறார், தலைத்துண்டு காற்றில் பறக்க.

வல்லம் அண்ணனின் சாக்பீஸ் கோடு இரண்டு வண்டியில் விலகியிருந்தது. காற்று ஏற்றிக்கொண்டோம், டியூப் எதுவும் போகவில்லை. எட்டே முக்காலுக்குத் தடம் உதிர ஆரம்பித்தது, நிறுத்திவிட்டோம். மூங்கில்களைப் பிடுங்கி, இலைகளைப் பொறுக்கிக்கொண்டு கிளம்பினோம்.

மாசிக்குள் இன்னும் ஒரு ஞாயிறு பாக்கி இருக்கிறது. பரம்பு என் வீட்டுத் திண்ணையில் சாத்தி வைத்திருக்கிறேன். பழைய கயிறு இனி தாங்காது, வருகிறவர்களில் யாராவது முப்பது அடி வடக்கயிறு கொண்டு வர முடியுமா?


சம்பாப்பட்டம்:

கயிறு நான் கொண்டாரேன். அப்பாவும் வரணும்னு சொல்றாரு, கரையில ஒரு நாற்காலி போட்டு வைங்க.